எத்தனையாம் பிள்ளை?

யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும், வீட்டிலும் ஒழுங்கையிலும் கோயில் வாசலிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனையாம் பிள்ளை?" வகுப்பில் எத்தனையாவது இடம் என்று அர்த்தம். ஒஸ்லோவில் என் மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்த பின், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இங்கே ஆளே இல்லை என்பது விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

நோர்வேயில் 1997 முதல் பிள்ளைகள் ஆறு வயதில் பாடசாலைக்குப் போகிறார்கள். ஏழாம் வகுப்பு முடியும் வரை புள்ளிகள் போடப்படுவதில்லை. ஆண்டுக்கு இரு முறை ஆசிரியர் பெற்றோரை அழைத்துப் பேசுவார். முதற் சந்திப்புக்கு வந்த தாளில் சிரித்த முகங்களும் வாடிய முகங்களும் அச்சிடப்பட்டிருந்தன. மகள் தனக்குப் பொருந்தியவற்றுக்கு நிறம் தீட்டி எடுத்து வந்திருந்தாள். இடைவேளையில் யாருடன் விளையாடுகிறாள் என்பதிலேயே பாதி நேரம் போய்விட, நான் பொறுமையிழந்து, வகுப்பில் இவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தமக்கு அனுமதியில்லை என்றார் ஆசிரியை. அடுத்த வீட்டுச் சங்கதியை விசாரித்துப் பிடிபட்டவன்போல நான் கூசிப்போனேன்.

அடுத்த பாடம் மழையில் கிடைத்தது. வகுப்பு காட்டுக்குப் போகும் நாளன்று விடாத மழை பெய்ததால், காய்ச்சல் வந்துவிடும் என்று அவளை வீட்டில் மறித்துவிட்டேன். நோயா என்று விசாரித்த ஆசிரியை, இல்லையென்று அறிந்ததும், மழையுடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை நானும் துணைக்குப் போனேன். ஈரமான மரக்கட்டையில் வரிசையாக அமர்ந்து, ஏழு வயதுப் பிள்ளைகள் சிறு கத்தியால் குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தார்கள். கத்தி உடம்பிலிருந்து வெளிப்புறமாகப் போகவேண்டும், எழுந்தால் உறைக்குள் இருக்கவேண்டும் என்று மகள் எனக்கு விளக்கினாள். வீட்டில் நான் அவளை மாம்பழம் வெட்டக்கூட விட்டதில்லை.

ஊரில் ஐந்தாம் தரம் என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. 200 புள்ளிகளுக்கான அந்தப் பரீட்சையும், பெரிய பாடசாலையில் இடம் கிடைக்குமா என்று தீர்மானிக்கும் அதன் வெட்டுப்புள்ளியும் பத்து வயதுப் பிள்ளையின் ஆண்டையே விழுங்கிவிடும். இங்கும் ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு, கணக்கு, ஆங்கிலம் ஆகியவற்றில் நாடளாவிய சோதனை இருக்கிறது. பழைய வினாத்தாள்களை அச்சிட்டு நான் மகளை வருத்தியதுதான் மிச்சம். அவளுடைய முடிவு மூன்று நிலைகளில் ஒன்றாக ஒரு தாளில் வந்தது, அதை வைத்து எந்தப் பாடசாலையும் அவளைச் சேர்க்கவுமில்லை, விலக்கவுமில்லை.

இதையெல்லாம் நான் முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எல்லாப் பிள்ளையையும் கெட்டிக்காரி என்றே சொல்லும் இந்த மென்மொழியில், உண்மையிலேயே பின்தங்கும் பிள்ளையின் பெற்றோர், எட்டாம் வகுப்பில் ஒன்றிலிருந்து ஆறு வரையான புள்ளிகள் வரும்போதுதான் திடுக்கிட்டு விழிக்கிறார்கள். ஆறுதான் உயர்ந்தது என்பதைக்கூட மூத்தவனுடைய அறிக்கை வந்த அன்றுதான் நான் அறிந்தேன். வேடிக்கை என்னவென்றால், 1980களில் எங்களவர் பலர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்ததே பரீட்சையும் புள்ளியும் இல்லாத, விடுதியில் தங்கிப் படிக்கும் நாட்டார் உயர்பள்ளிகளில் இடம் எடுத்துத்தான். அப்படி வந்தவர்களே பின்னர் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் தேடி அலைந்தார்கள். நானும் தேடினேன்.

சென்ற மாதம் என் அம்மா தொலைபேசியில் மகளிடம் நேரடியாகவே கேட்டார்: "எத்தனையாம் பிள்ளை?"

"இரண்டாம் பிள்ளை, அப்பம்மா."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாம் பிள்ளை யார் என்று விசாரித்தார்.

"அண்ணா," என்றாள் மகள்.