கண் மானிட்டரில், காது வேனில்

"உங்களுக்கென்ன சார், டிக்கெட் வாங்காமல் நல்ல இடத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறீர்கள், அதற்குச் சம்பளம் வேறு" என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. மறுத்தால் நீளமாக விளக்க வேண்டியிருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் தொலைக்காட்சியில் கால்பந்து வர்ணனை செய்திருக்கிறேன். அதில் மைதானத்தை நேராகப் பார்த்த நேரம் ரொம்பக் குறைவு. வர்ணனை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது பச்சைப்பசேலென்று விரிந்து கிடக்கும். நானோ குனிந்தபடி, முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை ஒரு திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பந்து ஒரு கோல் பக்கம் இருக்கும்போது, மறுமுனையில் கோல்கீப்பர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததைக் கவனித்துவிட்டேன். வேறு யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்ட குஷி. அவருக்கு என்ன ஆகியிருக்கும், மாற்று கீப்பர் யார், அவர் எப்படிப்பட்டவர் என்று அளந்துகொண்டே போனேன். திரையில் அப்போது கார்னர் கிக் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தக் கீப்பர் தெரியவே இல்லை. இயர்பீஸில் புரொட்யூசரின் குரல் வந்தது: "தம்பி, நீ பார்க்கிறது யாருக்கு வேணும்? அவங்க பார்க்கிறதைச் சொல்லு."

இடைவேளையில் அவரே பொறுமையாக விளக்கினார். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திக்கொண்டு பேசினால் வெளியே போகாது, மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வேனில் (ஓபி வேன்) உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். 'கீப்பர் கீழே உட்கார்ந்திருக்கிறார்' என்று சொன்னால் போதும், டைரக்டர் ஒரு கேமராவை அங்கே திருப்புவார். படம் திரைக்கு வந்த பிறகு வாயைத் திற. அவ்வளவுதான் விஷயம். ஆனால் கண்ணில் பட்டதை மூன்று நொடி வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

காதின் கதை இன்னும் விசேஷம். நான் ஸ்டுடியோவில் தொகுத்து வழங்கிய நாட்களில், பேசிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். பத்து, ஒன்பது, எட்டு... பூஜ்யம் வரும்போது என் வாக்கியமும் முடிந்திருக்க வேண்டும். ஒரு நொடி அதிகமானால் கடைசி வார்த்தையை விளம்பரம் விழுங்கிவிடும். ஒரு நொடி குறைந்தால் நான் கேமராவைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். எண்ணிக்கைக்கு நடுவே 'விருந்தினர் இன்னும் வரவில்லை, இழு' என்பார்கள், 'நீ சொன்ன ஸ்கோர் தப்பு' என்பார்கள், சில சமயம் வேனுக்குள் அவர்களுக்குள்ளேயே நடக்கும் சண்டையும் கேட்கும். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டே அடுத்த அறையில் யார் போனில் என்ன பேசுகிறார்கள் என்றும் கேட்டுக்கொண்டிருப்பேன். "ரெண்டையும் கேக்குறீங்க, எதுக்கும் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்று அவள் சொல்வது நியாயம்தான்.

ஆட்டத்துக்கு முன் செய்யும் தயாரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்கள், மாற்று ஆட்டக்காரர்கள், பெயர்களின் சரியான உச்சரிப்பு, பழைய மோதல்கள், காயங்கள் எல்லாம் ஒரு பெரிய அட்டையில் வண்ண வண்ணமாக எழுதப்பட்டிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கைப் பயன்படுத்தினாலே அதிகம். மிச்சத்தையும் எப்படியாவது சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்று துடிப்பவர்களைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஆட்டத்தை நடத்துவது அவர்கள் கையில் இருக்கும் அட்டைதான்.

நான் செய்த பெரிய தவறு ஒன்று இன்னும் உறுத்துகிறது. மழை நாள், சட்டையெல்லாம் சேறு, எண்கள் தெரியவில்லை. கோல் முன்னால் ஐந்தாறு பேர் முட்டிக்கொண்டார்கள், பந்து வலைக்குள் போய்விட்டது. நான் தொண்டை கிழிய ஒரு பெயரைக் கத்தினேன். அந்தப் பெயருக்குரியவர் அப்போது கோலுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அந்தப் பதிவில் என் குரல் இன்றைக்கும் தப்பான ஆளைத்தான் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. கூட இருந்த மூத்த வர்ணனையாளர் அப்புறம் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: "கோல் விழுந்தா, கோல்னு மட்டும் சொல்லு. எல்லாரும் யாரைக் கட்டிப்பிடிக்க ஓடுறாங்கன்னு பாரு. அப்புறம் பேரைச் சொல்லு."

முன்னாள் ஆட்டக்காரர்கள்தான் நல்ல வர்ணனையாளர்களாக முடியுமா என்ற கேள்வி ஓயாது. ஆடியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைக் முன் அது தானாக வேலை செய்யாது. கிரிக்கெட் வர்ணனையாளர் ரிச்சி பெனோ ஆஸ்திரேலிய அணிக்குக் கேப்டன் ஆவதற்கு முன்பே, 1956 இங்கிலாந்துப் பயணம் முடிந்த கையோடு பிபிசியில் ஒளிபரப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டார். அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்தவர். பேசுவதும் தனியாகக் கற்க வேண்டிய தொழில் என்று அவருக்கு அன்றே தோன்றியிருக்கிறது. 2005 செப்டம்பரில் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்துத் தொலைக்காட்சி ரசிகர்களிடம் அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மெக்ராத் பந்தில் பீட்டர்சன் 158 ரன்னில் போல்டானார். பெனோ தன் பிரியாவிடையை நிறுத்தி அந்த விக்கெட்டைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. தன்னைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் கண் மானிட்டரை விட்டு நகரவில்லை.

அந்த மானிட்டரில் இன்று வருவதில் நிறைய 'நடந்து முடிந்தது'. ரீப்ளே இல்லாத ஒளிபரப்பை இப்போது கற்பனை செய்யவே முடியாது. 1963 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவில் ராணுவ அணிக்கும் கடற்படை அணிக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில்தான் (நம் கால்பந்து இல்லை) டோனி வெர்னா என்ற டைரக்டர் நடந்த ஆட்டத்தை உடனே திருப்பிக் காட்டினார். அந்த ஆட்டம் முழுக்க ஒரே ஒரு தடவைதான். வர்ணனையாளர் லிண்ட்சி நெல்சனுக்கு என்ன வேலை தெரியுமா? இது நேரலை இல்லை, ராணுவ அணி மறுபடியும் புள்ளி எடுக்கவில்லை என்று மக்களுக்குப் புரியவைப்பது. நான் வர்ணனை செய்த காலத்தில் சிக்கல் நேர் எதிர். ரீப்ளே மேல் ரீப்ளே ஓடும்போது ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்கும். பார்ப்பவரை இழுத்து நிகழ்காலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் மானிட்டரும் காதும் மட்டுமே துணை என்பதன் கனத்தை நினைத்தால், எனக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம் மெக்கே. 1972 செப்டம்பர் 5, மியூனிக் ஒலிம்பிக். அன்று அவருக்கு விடுமுறை. நீச்சலில் இருந்தவருக்கு அழைப்பு வந்தது, ஈர நீச்சல் உடைக்கு மேலேயே பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஏபிசி ஸ்டுடியோவுக்கு வந்தார். இஸ்ரேல் அணியினரைத் தீவிரவாதிகள் பிடித்து வைத்திருந்தார்கள். பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் அவர் நேரலையில் இருந்தார். இரவில் பணயக்கைதிகள் எல்லோரும் பத்திரம் என்று ஒரு செய்தி பரவியது. அதைக் கேட்டு அவர் துள்ளிக் குதிக்கவில்லை, உறுதிப்படட்டும் என்று காத்திருந்தார். அமெரிக்காவில் பிறந்த பளுதூக்கும் வீரர் டேவிட் பெர்கரும் பிடிபட்டவர்களில் ஒருவர். மகன் உயிரோடு இருக்கிறானா என்பதை அவருடைய பெற்றோருக்குத் தான்தான் சொல்லப்போகிறோம் என்ற நினைப்பு அன்று தனக்கு இருந்ததாகப் பின்னாளில் மெக்கே சொன்னார். கடைசியில் காதில் உண்மை வந்தது. பிடிபட்டவர்கள் பதினொரு பேர், அதில் இருவர் காலையிலேயே கொல்லப்பட்டிருந்தார்கள், மற்ற ஒன்பது பேரும் விமானத் தளத்தில் இறந்துவிட்டார்கள். எல்லோரும் போய்விட்டார்கள் என்று இரண்டு மூன்று வார்த்தையில் சொன்னார்.

என் அனுபவம் அதற்குக் கால்தூசு. ஒரு ஆட்டத்தில் யாரும் மோதாமலேயே ஒரு இளைஞன் சரிந்து விழுந்தான். டைரக்டர் உடனே கேமராவைத் தூரக் காட்சிக்கு மாற்றிவிட்டார். கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. மருத்துவர்கள் நெஞ்சை அழுத்துவது, சக ஆட்டக்காரர்கள் வட்டமாக நின்று மறைப்பது. காதில் நிசப்தம், வேனிலும் யாருக்கும் பேச்சு வரவில்லை. 'நீ பார்க்கிறது யாருக்கு வேணும்' என்ற அந்தப் பழைய திட்டு அன்று வேறு மாதிரி கேட்டது. அவன் வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருக்கும். "ஒரு ஆட்டக்காரருக்குச் சிகிச்சை நடக்கிறது, தெரிந்ததும் சொல்கிறோம்" என்பதையே நாலு விதமாகச் சொல்லி ஒன்பது நிமிஷம் ஓட்டினேன். பையன் பிழைத்துக்கொண்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசிச் சில வருஷங்களில் மைதானத்துக்கே போகவில்லை. எங்கோ நடக்கும் ஆட்டத்துக்கு ஒரு அடைத்த அறையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பதுதான் வேலை. செலவு மிச்சம் என்பார்கள். எப்படியும் மானிட்டரைத்தானே பார்க்கிறோம், என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். பெரிய வித்தியாசம். அங்கே கேமராவைத் திருப்பச் சொல்ல ஆள் கிடையாது. அப்புறம் ஒருநாள் ஒளிபரப்பு உரிமை வேறு சேனலுக்குக் கைமாறியது, எங்கள் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. இரண்டு நிமிஷ போன் பேச்சு. உரிமை எங்கே போகிறதோ அங்கேதான் வேலை. நானும் அப்படி ஒருவர் விட்டுப்போன நாற்காலியில்தான் உட்கார்ந்தேன், குறை சொல்ல வாயில்லை.

போன மாதம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு ஆட்டம் பார்க்கப் போனேன். காதில் எதுவும் இல்லாதது செருப்பில்லாமல் நடப்பதுபோல் இருந்தது. இரண்டாம் பாதியில் கோல் முன்னால் ஒரே கூட்டம், பந்து உள்ளே போனது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் எழுந்து கத்தினார்கள், நான் குனிந்து முழங்கைப் பக்கம் பார்த்தேன். பக்கத்து இருக்கைச் சிறுவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அங்கிள், யாரு அடிச்சது?"

"இரு, சொல்றேன்" என்றேன். அவர்கள் யாரைக் கட்டிப்பிடிக்க ஓடுகிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை.