நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

திருநெல்வேலிப் பக்கம் வீடுகளுக்கு பிளான் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். படிப்பு முடித்து வரும் பிள்ளைகள், வீட்டை நிஜம் போலப் படமாக்கிக் காட்டும் சாஃப்ட்வேர்களில் லூமியான் நல்லதா, என்ஸ்கேப் நல்லதா, வி-ரே நல்லதா என்று கேட்பார்கள். எதில் வேண்டுமானாலும் செய்யட்டும், அவர்கள் கொண்டுவரும் படத்தில் நான் முதலில் பார்ப்பது நிழலை.

வீட்டின் 3டி மாடலை வரையும் ஸ்கெட்ச்அப் சாஃப்ட்வேரில் ஊரைக் குறிப்பிடாமல் வேலையைத் தொடங்கினால், அதில் அடிப்பது அது பிறந்த ஊரான அமெரிக்காவின் போல்டர் நகரத்து வெயில். அந்த ஊர் 40 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. வருடம் முழுக்க நண்பகல் வெயில் தெற்கிலிருந்துதான் வரும். நெல்லை இருப்பதோ 8.7 டிகிரியில். ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு உச்சி வெயில் வடக்கே சாய்ந்து வரும். ஜூன் 21 அன்று அந்தச் சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி. ஊரை மாற்றாமல் எடுத்த படத்தில் வடக்கு பார்த்த சிட்அவுட் ஜூன் மதியத்தில் குளுகுளுவென்று இருக்கும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "வடக்கே எதுக்கு சார் சன்ஷேடு? எலிவேஷனே, வீட்டோட முகப்பு அழகே, கெடுது" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஊரையும் வடக்குத் திசையையும் சரியாகக் கொடுத்துவிட்டால் கதையே வேறு. வடக்குச் சுவரில் 2 அடி சன்ஷேடு போட்டால் நண்பகலில் ஜன்னல் முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். அதே ஜூனில் மாலை 4 மணிக்கு வைத்துப் பாருங்கள்: நிழல் கிட்டத்தட்ட 5 அடி கிழக்கே நகர்ந்துபோயிருக்கும். ஜன்னல் அகலத்துக்கு மட்டும் போட்ட சன்ஷேடு அப்போது பேருக்குத்தான். மேற்குப் பக்கம் ஒரு ஃபின்னை (செங்குத்தாக நிற்கும் தடுப்புப் பலகையை) இறக்கினால் போதும், திரையிலேயே வித்தியாசம் தெரியும்.

என்ஸ்கேப்பும் வி-ரேயும் ஸ்கெட்ச்அப்பின் சூரியனை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஜன்னலை நகர்த்திய கையோடு என்ஸ்கேப்பில் வெளிச்சமும் மாறுவதால், வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச எனக்கு அதுதான் தோது. லூமியானில் மரம், புல், மழை எல்லாம் அள்ளித் தரும். ஆனால் அங்கே சூரியனை நம் இஷ்டத்துக்கு இழுத்து வைக்கலாம். சூரியனை ஊருக்கும் நேரத்துக்கும் ஏற்ப வைக்கும் சன் ஸ்டடி வசதியில் ஊரைக் கொடுக்காதவரை அந்த நிழல் வெறும் அலங்காரம்தான். காசு இல்லை என்பவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் ட்வின்மோஷன் இருக்கிறது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே என்றால் இலவசம். நம்மில் யார் அதைத் தாண்டப் போகிறோம்!

கட்டடத்தை மாடலாகவும் பிளானாகவும் சேர்த்தே வரையும் ரெவிட் சாஃப்ட்வேர் பெரிய கட்டடங்களுக்குச் சரி. ஒரு விஷயம் மட்டும்: புதிய வெர்ஷனில் சேமித்த ஃபைல் பழையதில் திறக்காது. ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் எந்த வருட வெர்ஷன் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மேஸ்திரிக்கு இந்தப் படங்கள் எதுவும் வேண்டாம். லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் உத்தரம்) மட்டமும் சன்ஷேடு நீளமும் குறித்து, ஆட்டோகேடில் எடுத்த ஒரு ஏ3 தாள்தான் அவருக்கு.