எண்ணூறு ரூபாய்க்குள் ஒரு படத்துக்குச் சட்டம்

சென்னை எழும்பூரில், 1850இல் தொடங்கப்பட்ட ஓவியக் கல்லூரியின் மாணவர் ஒருவரிடம் ஓர் எட்சிங் படம் வாங்கினேன். காசிமேட்டுப் படகுகள். துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, கோடுகளில் மை ஏற்றி, நனைத்த தடித்த தாளை மேலே வைத்து உருளையில் அழுத்தி எடுத்த அச்சு. மொத்தம் 12 பிரதிகள். என்னுடையதில் 7/12 என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் கையொப்பம். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. விரலை வைத்தால் தட்டுப்படும்.

படத்துக்கே அந்த மாதச் சேமிப்பு போய்விட்டது. சட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை.

முதலில் போன கடையில், பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்ய 600 ரூபாய் என்றார்கள். கண்ணாடி, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) எல்லாம் வைத்தால் 2,600. “ஒட்டினால்தான் சார் சுருங்காமல் நிற்கும்” என்றார் கடைக்காரர். ஆனால் தாள் ஈரக்காற்றில் விரியும், வெயில் காலத்தில் சுருங்கும். அதற்கு இடம் விடத்தான் வேண்டும். ஒட்டிவிட்டால் அந்தப் பள்ளமும் தட்டையாகிவிடும். பிறகு யார் நினைத்தாலும் பிரித்தெடுக்க முடியாது. படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெருமுனைக் காயலான் கடையில் ஒரு பழைய மரச்சட்டம் கிடந்தது. 200 சொன்னார், 150க்குத் தந்தார். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பார்த்தேன், ஆடவில்லை. தரையில் தட்டிப் பார்த்தேன், துளைகளிலிருந்து மரத்தூள் கொட்டவில்லை. உள்ளே வெளுத்துப்போன ஒரு லட்சுமி படம்.

வீட்டில் அதைப் பிரித்தபோது கண்டதுதான் பிறகு நான் செய்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. பின்னால் வெறும் மரப்பலகை. பலகையில் இருந்த முடிச்சு, படத்தின் மேல் அதே வடிவத்தில் பழுப்புக் கறையாக ஊறியிருந்தது. முன்பக்கம் இன்னும் மோசம். கண்ணாடியைத் தொட்டபடி இருந்ததால் எப்போதோ ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான் தூக்கினேன், அப்படியும் முகத்தின் பாதி கண்ணாடியோடு வந்துவிட்டது. மனது சங்கடப்பட்டது. மிச்சத்தைக் கோவில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மரத்திலும் வேலைக்கூலியிலும் மிச்சம் பிடிக்கலாம், தாளைத் தொடும் பொருளில் பிடிக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். அதனால் கையிலிருந்த பணத்தில் பெரும்பங்கு, 380 ரூபாய், அமிலமில்லாத மவுண்ட் போர்டுக்குப் போனது. சாதாரண அட்டை பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள அமிலம் சில வருடங்களில் அந்தப் பலகையின் வேலையைத்தான் செய்யும். ஒரு முழு அட்டையில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று தேறி, மீதியும் இருந்தது.

அந்த மீதியில்தான் முதலில் வெட்டிப் பழகினேன். ஒரே வீச்சில் வெட்டப் போய் மூலையில் கத்தி தாண்டிவிட்டது. புது பிளேடு போட்டு, எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே கோட்டில் ஐந்தாறு முறை லேசாக இழுத்தபோது சுத்தமாக வந்தது. சரிவாக வெட்ட அதற்கென்று கருவி வேண்டும். நேர்வெட்டே எனக்குப் போதுமாக இருந்தது. தகடு பதிந்த பகுதி 20க்கு 30 சென்டிமீட்டர். பள்ளமும் கையொப்பமும் மறையக் கூடாது என்பதால் மூன்று பக்கம் 1 சென்டிமீட்டரும் கீழே இரண்டரையும் கூடுதலாக விட்டு முன்னட்டையில் ஜன்னல் வெட்டினேன். அட்டையிலும் மேல் ஓரம் ஆறரை, கீழ் ஓரம் எட்டு. இரண்டும் சமமாக இருந்தால் படம் கீழே இறங்கிவிட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

படத்தில் ஒரு சொட்டுப் பசைகூடப் படவில்லை. அமிலமில்லாத தாளில் முக்கோண உறைகள் மடித்து, அவற்றை மட்டும் பின்னட்டையில் ஒட்டி, படத்தின் நான்கு மூலைகளையும் உள்ளே செருகினேன். பழைய ஆல்பங்களில் புகைப்படம் நிற்குமே, அதே முறை. கொஞ்சம் இடைவெளி விட்டதால் தாள் விரியவும் சுருங்கவும் முடியும். ஜன்னல் அட்டை மூலைகளை மூடிக்கொண்டது; அதன் தடிமனே கண்ணாடியைப் படத்தில் படாமல் தள்ளி நிறுத்துகிறது.

பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் புதுக் கண்ணாடியை 140 ரூபாய்க்கு அளவாக வெட்டி வாங்கினேன். உப்புத்தாள், பாலிஷ் 80. சிறு ஆணி, பழுப்புத் தாள் 40. ஆணிகளைச் சுத்தியலால் அடிக்காமல் குறட்டால் மரத்துக்குள் அழுத்தினேன்; அடித்தால் அதிர்ச்சியில் கண்ணாடி விரிசல் விடும். தூசியும் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சியும் நுழையாதபடி பின்புறம் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டினேன். கீழ் மூலைகளில் கார்க் துண்டுகள் வைத்ததால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடுகிறது.

மொத்தம் 790 ரூபாய். மழைச்சாரல் படும் வெளிச்சுவரையும் சமையலறையையும் விட்டு, உள்சுவரில் மாட்டினேன். ஐப்பசி மழை முழுக்க வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் ஒருநாளும் பனிக்கவில்லை. தாள் மட்டும் லேசாக அலைபோல எழும்பி, தை மாதத்தில் தானாகப் படிந்துவிட்டது. மாலையில் பக்கவாட்டாக வெளிச்சம் வரும்போது, படகுகளைச் சுற்றி அந்தத் தகட்டின் விளிம்பு மெல்லிய நிழலாகத் தெரிகிறது.