மார்ச் மாதமும் ஒரு ஷேர் ஃபோல்டரும்

மார்ச் 3, செவ்வாய்
வந்து உட்காரும் முன்பே அக்கவுண்ட்ஸ் அக்கா போன். "தம்பி, பில் ஃபோல்டர் திறக்குது, சேவ் பண்ண விடமாட்டேங்குது." ஃபோல்டரின் செக்யூரிட்டி டேப்பில் பார்த்தேன், அவர் குரூப்புக்கு மாடிஃபை, அதாவது திருத்தும் அனுமதி, இருக்கிறது. அப்புறம், நெட்வொர்க் வழியாக வருபவர்களுக்கான அனுமதி இருக்கும் ஷேரிங் டேபுக்குப் போனால் எவ்ரிஒன், ரீட் மட்டும்: யாரானாலும் படிக்கத்தான் முடியும். நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டு இடத்திலும் தேற வேண்டும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். போன வாரம் புது சர்வரில் ஷேர் போட்டது நான்தான். விண்டோஸ் போட்டு வைத்திருந்த ரீடை அப்படியே விட்டிருக்கிறேன். எழுதவும் விடும் சேஞ்ச் கொடுத்ததும் சரியானது. ஃபுல் கண்ட்ரோல் கொடுக்கவில்லை. பர்மிஷனை மாற்றும் வேலை அவர்களுக்கு எதற்கு?

மார்ச் 4, புதன்
புதிதாகச் சேர்ந்த பையனை குரூப்பில் சேர்த்தும் 'ஆக்ஸஸ் டினைட்'. லாக் ஆஃப் செய்தாயா என்றால், "செஞ்சுட்டேண்ணா" என்கிறான். நேரில் போனேன். ஸ்கிரீனை லாக் பண்ணிவிட்டு டீ குடித்து வந்திருக்கிறான், அவ்வளவுதான். எந்தெந்த குரூப்பில் இருக்கிறோம் என்பது லாகின் ஆகும்போதுதான் டோக்கனில், அதாவது விண்டோஸ் தரும் அடையாளச் சீட்டில், ஏறும். முழுதாக வெளியே வந்து மறுபடி நுழைந்தான், திறந்தது.

மார்ச் 5, வியாழன்
டோனர் மாற்றினேன். எம்.டி. சார் சொன்னபடி அவர் ஃபோல்டரிலிருந்த சம்பளப் பட்டியலை அக்கவுண்ட்ஸ் ஃபோல்டருக்கு மாற்றினேன். வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி
மறுபடி அக்கா. ஃபோல்டரில் எல்லாம் திறக்கிறது, சம்பளப் பட்டியல் மட்டும் முடியாது. ஷேர் சரி, குரூப் சரி, டினை என்ற தடையும் எங்கும் இல்லை. அரை மணி நேரம் அவரையே லாகின் செய்யச் சொல்லித் தொந்தரவு செய்தேன். கடைசியில் அந்த ஃபைலின் அட்வான்ஸ்ட் பக்கத்தில், ஒருவருக்கு உண்மையில் என்ன அனுமதி என்று காட்டும் எஃபெக்டிவ் ஆக்ஸஸில், அவர் பெயரைக் கொடுத்தால் வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள். பர்மிஷன் பட்டியலில் எம்.டி. சாரும் அட்மினும்தான் இருக்கிறார்கள்.

நேற்று சர்வரிலேயே உட்கார்ந்து கட் பண்ணி பேஸ்ட் பண்ணியது ஞாபகம் வந்தது. இரண்டு ஃபோல்டரும் ஒரே டி டிரைவில். அப்படி நகர்த்தினால் ஃபைல் பழைய பர்மிஷனைக் கையோடு கொண்டுவந்துவிடும். காப்பி செய்திருந்தால் புது ஃபோல்டருடையதை எடுத்துக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாததும் இல்லை. பர்மிஷனை மாற்றும் ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையில் ரீசெட் கொடுத்து, புது ஃபோல்டருடையதையே எடுக்க வைத்தேன். ஒரு நொடி வேலை.

"திறந்துடுச்சு தம்பி. யாருப்பா இதைப் பூட்டி வச்சது?"

"இடம் மாத்தினப்ப ஆயிருக்குக்கா" என்றேன். பொய் இல்லை.