துரோகி என்று நினைத்தேன், கடனாளியாம்

எடின்பரோவுக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது, கணக்கு எழுதுவதுதான் வேலை. போன வருடம் குடும்ப வரலாற்று ஆய்வுக்கான பகுதி நேரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். அதில் ஒரு வேலை கொடுத்தார்கள்: ஸ்காட்லாந்தின் நிலக்கிழார் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வம்சாவளியை விட்டுவிட்டு, நூறு வருடத்துக்கு அவர்களுடைய பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று மட்டும் பின்தொடர வேண்டும். அயர்ஷயரில் நடுத்தரமான ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தேன், காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவர்கள் பெயர் எழுத்துக்கூட்டச் சுலபமாக இருந்தது. வாரிசுகள் இன்னும் அந்தப் பக்கம் இருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் என்னைப் போல மூன்று மாதத்தைத் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய ஆவணங்களை ஜெனரல் ரிஜிஸ்டர் ஹவுஸில் பார்க்கலாம். பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனை, வாசலில் வெலிங்டன் பிரபு குதிரைமேல் இருப்பார். ராபர்ட் ஆடம் வரைந்த கட்டடம், 1774இல் அடிக்கல் போட்டார்கள். பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தைத் திரும்ப அரியணையில் ஏற்றப் போராடிய ஜாக்கோபைட் கலகக்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்த நிலங்களின் பணத்திலிருந்து 12,000 பவுண்டு கொடுத்தும் போதவில்லை, பாதியில் நின்றுபோய்ப் புறா அடைய ஆரம்பித்து, ஐரோப்பாவிலேயே அழகான புறாக்கூண்டு என்று ஊரே கேலி செய்திருக்கிறது. பணம் தீர்ந்து பாதியில் நின்ற கட்டடத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் கடனைப் படிப்பது எனக்கு ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டது. வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்று வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பல பெட்டிகள் நகரின் மேற்குப் பக்கம் சைட்ஹில் கிடங்கில் இருக்கின்றன, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் வரும். இதெல்லாம் அரை நாளில் பழகிவிடும்.

கடன் என்றால் முதலில் பத்திரப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1661 முதல் 1811 வரை அந்தப் பதிவேட்டை மூன்று எழுத்தர் அலுவலகங்கள் தனித்தனியாக வைத்திருந்தன: டால்ரிம்பிள், டூரி, மெக்கன்சி. எந்தப் பத்திரம் எதில் பதிவாகியிருக்கும் என்பதற்கு ஒரு விதியும் கிடையாது, மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். நான் டால்ரிம்பிளை மட்டும் பார்த்துவிட்டு, "இந்தக் குடும்பம் கடனே வாங்கவில்லை போல" என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன், அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். டூரியில் பதினொன்று கிடைத்தன.

அதில் முதலாவது 1738ஆம் வருடத்துப் பத்திரம். ஒரு விதவையிடம் ஆறாயிரம் மெர்க் வாங்கியிருக்கிறார் நம் ஆள். வட்டி ஐந்து சதவீதம், அதற்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. மார்ட்டின்மஸில், அதாவது நவம்பர் 11இல், திருப்பித் தருவதாக வாக்கு. மைத்துனர் பிணை நிற்கிறார். பணம் "அவருக்கோ, அவர் வாரிசுகளுக்கோ, அவர் யாருக்கு மாற்றிக் கொடுக்கிறாரோ அவர்களுக்கோ" தர வேண்டும் என்று வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா கும்பகோணத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். அன்று இரவு போனில் இதைப் படித்துக் காட்டினேன். "தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது" என்று அவர் மூச்சு விடாமல் புரோநோட்டு வாசகத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "அசல் எவ்வளவு?" என்று கேட்டார்.

அங்கேதான் அடுத்த சறுக்கல். ஆறாயிரம் மெர்க் என்றதும் ஆறாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நினைத்து, இந்த மனிதர் பெரிய கை என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு மெர்க் என்பது ஸ்காட்லாந்துப் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஸ்காட்லாந்துப் பவுண்டு பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. ஆக ஆறாயிரம் மெர்க் என்பது நாலாயிரம் ஸ்காட்லாந்துப் பவுண்டு, ஸ்டெர்லிங்கில் வெறும் 333 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். 1707இல் இரண்டு நாடும் ஒன்றான பிறகும் ஊர்ப்புறத்தில் பழைய கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது தேவைதான்.

சரி, இனி அந்த மூன்று மாதம். அதே ஆளின் பெயர் 1747ஆம் வருடத்துப் பதிவேடு ஒன்றில் வந்தது. அயர் நகரத்துச் சந்தைத் தூணருகில் அவரை "மன்னருக்கு எதிரான கலகக்காரர்" என்று அறிவித்ததாக எழுதியிருந்தது. 1747! ஜாக்கோபைட்டுகள் கடைசியாகத் தோற்ற கல்லோடன் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. எனக்குக் கை நடுங்காத குறை. ஜாக்கோபைட் கலகத்தில் சேர்ந்து தலைமறைவான நிலக்கிழாரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களின் கோப்புகளை வரிசையாக வரவழைத்தேன். விடுப்பு எடுத்து எடுத்துப் படித்தேன். ஒன்றிலும் அவர் இல்லை. அயர்ஷயர்க்காரர்கள் பெரும்பாலும் அரசாங்கத்தின் பக்கம் நின்றவர்கள் என்பதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ரகசிய ஆதரவாளராக இருந்திருப்பார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

கடைசியில் மேசையிலிருந்த பணியாளர் ஒருவரிடம் பக்கத்தைக் காட்டினேன். அவர் பார்த்த வேகத்திலேயே, "இவர் யாருக்கோ பணம் தரவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

விஷயம் இதுதான். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதே, இதைப் பதிவு செய்துகொள்ளலாம், தவணை தவறினால் ஆறு நாள் கெடு கொடுத்து நடவடிக்கை எடுக்கலாம் என்று கடன் வாங்குகிறவர் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார். அதனால் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு அலைய வேண்டியதில்லை. பதிவான பத்திரமே தீர்ப்பு மாதிரி. அதைக் காட்டி மன்னரின் பெயரில் ஓர் ஆணை வாங்குவார், அதற்கு ஹார்னிங் என்று பெயர். மெசஞ்சர்-அட்-ஆர்ம்ஸ் என்ற அதிகாரி, நம்மூர் அமீனா என்று வைத்துக்கொள்ளுங்கள், கடனாளியிடம் போய் ஆறு நாளில் கட்டு என்பார். கட்டாவிட்டால் சந்தைத் தூணருகில் நின்று ஊரறியக் கூவி, மூன்று முறை கொம்பு ஊதி, இவன் மன்னரின் ஆணையை மீறிய கலகக்காரன் என்று அறிவிப்பார். தமுக்கடிப்பதற்குப் பதில் கொம்பு. அப்புறம் கைது ஆணை வாங்கி உள்ளே தள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், சட்டத்தின் கண்ணில் அந்த ஆள் கடனுக்காகச் சிறைக்குப் போகவில்லை, மன்னரின் சொல்லைக் கேட்காததற்காகப் போகிறார். "கடனுக்காக யாரையும் சிறையில் போடுவதில்லை" என்று அந்தக் காலத்து ஸ்காட்லாந்து வக்கீல் நேராகப் பார்த்துச் சொல்லலாம், பொய்யில்லை.

இது புரிந்த பிறகு பதிவேடுகளே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. கொம்பு ஊதப்பட்டவர்களின் பட்டியலில் யார்தான் இல்லை, கனவான்கள், வக்கீல்கள், ஒருவருக்கொருவர் பிணை நின்ற அண்ணன் தம்பிகள் என்று வரிசையாக வருகிறார்கள். நம் ஆளும் 1751இல் முழுதாகக் கட்டி ரசீது வாங்கியிருக்கிறார், நடுவில் ஒரு காணி நிலமும் கைவிட்டுப் போகவில்லை. கொம்பு ஊதியதும் குடும்பம் குட்டிச்சுவர் ஆகிவிட்டது என்று எழுதுகிற குடும்ப வரலாறுகளை நான் இப்போது நம்புவதில்லை. பலருக்கு அது "இனிமேல் சும்மா இருக்க மாட்டேன்" என்று கடன் கொடுத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டதற்குச் சமம்.

மற்றப் பதிவேடுகளுக்கு அப்பாவின் தொழில் எனக்குப் பெரிய உதவி. இன்ஹிபிஷன் என்றால் கடன் தீரும் வரை நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்ற தடை, சுத்தமான வில்லங்கம். அட்ஜுடிகேஷன் என்றால் கடனுக்கு ஈடாக நிலத்தையே நீதிமன்றம் எழுதிக் கொடுப்பது, 1672ஆம் வருடச் சட்டத்தில் வந்தது, பத்து வருடத்துக்குள் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். சேசின் பதிவேடு 1617இலிருந்து இருக்கிறது, நிலம் கைமாறியதெல்லாம் அதில் வரும். முன்பெல்லாம் அந்த நிலத்துக்கே போய் ஒரு பிடி மண்ணையும் ஒரு கல்லையும் கையில் கொடுத்தால்தான் கைமாறியதாக அர்த்தம். வாட்செட் என்ற சொல்லைத்தான் கூடப் படித்தவர்கள் யாருக்கும் சுலபமாக விளக்க முடியவில்லை. நிலத்தைக் கடன் கொடுத்தவரிடம் விட்டுவிடு, அவர் விளைச்சலை அனுபவிப்பார், அதுதான் வட்டி, அசலைக் கொடுத்ததும் நிலம் திரும்பி வரும். ஆசிரியர் கால் மணி நேரம் படம் போட்டு விளக்கினார். எனக்கு ஒரே சொல்லில் முடிந்துவிட்டது: ஒத்தி.

1650களின் ஒத்திப் பத்திரத்தைப் படிக்கத்தான் கண்ணீர் வந்தது. அந்தக் காலக் கையெழுத்தில் நம் e என்று நினைப்பது வேறாகவும், h வரிக்குக் கீழே பாம்பு மாதிரி நெளிந்தும் கிடக்கும், பழகாமல் போகவே கூடாது. பழைய யோக் என்ற எழுத்து அச்சில் இல்லாததால் z போட்டு எழுதிவிட்டார்கள், ஆனால் உச்சரிப்பு மாறவில்லை, அதனால்தான் மென்சீஸ் என்று எழுதியிருப்பதை மிங்கிஸ் என்கிறார்கள். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமே இல்லை. இன்னொன்று, "ரெலிக்ட்" என்று வந்தால் அது விதவை. ஸ்காட்லாந்துப் பத்திரங்களில் கல்யாணமான பெண்ணும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே வருவார். 1738இல் கடன் கொடுத்த அந்த அம்மாவை அவர் கணவர் பெயரில் தேடி ஒரு முழு நாள் போனது எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலிரூட் அரண்மனைப் பக்கம் நடந்து போனேன். தெருவில் பித்தளையில் S எழுத்துகள் பதித்திருப்பார்கள், அரண்மனையை ஒட்டிய பழைய மடத்தின் சரணாலய எல்லை. அந்தக் காலத்தில் அதைத் தாண்டி உள்ளே கால் வைத்த கடனாளியை அமீனா தொட முடியாது. ஒரு நாள் சும்மா இருக்கலாம், அதற்கு மேல் என்றால் மடத்து பெய்லி என்ற அதிகாரியிடம் பெயர் பதிய வேண்டும். வருடக்கணக்கில் குடும்பத்தோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கியவர்கள் உண்டு, அவர்களுக்கு "மடத்து நிலக்கிழார்கள்" என்று கிண்டல் பெயர். ஞாயிறு அன்று யாரையும் கைது செய்ய முடியாது என்பதால், அன்று வெளியே வந்து ஊரைச் சுற்றிவிட்டு நள்ளிரவுக்குள் ஓடிவிடுவார்களாம். நான் எல்லைக்கோட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

இந்தக் குடும்பம் நிஜமாகவே விழுந்தது பேரன் காலத்தில்தான், அதுவும் அவர் வாங்கிய கடனால் இல்லை. 1769இல் அயரில் டக்ளஸ், ஹெரான் அண்ட் கம்பெனி என்ற வங்கி திறந்தது, எல்லாரும் அயர் வங்கி என்றே சொல்வார்கள். பங்குதாரர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள், குவீன்ஸ்பெரி கோமகன், பக்ளூ கோமகன் எல்லாம் இருந்தார்கள். பக்ளூ ஆடம் ஸ்மித்திடம் நேரடியாகப் பாடம் கேட்டவர், பாவம், அவருக்கே இந்தக் கதி. தாராளமாக நோட்டு அடித்துக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த வங்கி, லண்டனில் ஃபோர்டைஸ் என்ற வங்கியாளர் 1772 ஜூனில் ஓடிப்போனதில் கிளம்பிய பீதியில் அதே மாதம் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது, வங்கியின் கடனுக்கு ஒவ்வொருவரின் நிலமும் ஈடு. தன் பேரில் கொம்பு ஊதப்பட்ட பிறகும் தாத்தா காப்பாற்றிய நிலத்தைப் பேரன் ஒரு பங்குச் சான்றிதழுக்குத் தோற்றார்.

அந்த வழக்குக் கட்டைத்தான் போன வாரம் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனின் கட்டு, நீளவாக்கில் மடித்து நாடாவால் கட்டியிருந்தது, அவிழ்த்ததும் விரல் நுனியெல்லாம் கரி. கடன் கொடுத்தவர்களை வரிசைப்படுத்தி நிலத்தை ஏலம் விடும் வழக்கு அது. நல்லவேளையாக நிலங்களின் விவரமும் குத்தகை வரவும் அச்சில் இருந்தன, கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. பட்டியலில் முதலில் நிலத்தின் பேரில் கடன் கொடுத்தவர்கள், பிறகு வங்கி, பிறகு ஒரு ஒயின் வியாபாரி, பிறகு 1738இல் பணம் கொடுத்த அந்த விதவையின் பேத்தி, அந்தக் குடும்பம் திரும்பவும் இவர்களுக்கே கடன் கொடுத்திருக்கிறது. கடைசி வரியில் சமையல்காரி, இரண்டு வருடச் சம்பள பாக்கி 6 பவுண்டு. ஓரத்தில் யாரோ மையில் ஒரு சின்ன புள்ளி வைத்திருக்கிறார்கள், கொடுத்தாயிற்று என்று அர்த்தமா, தள்ளுபடி என்று அர்த்தமா தெரியவில்லை. ஏலப் பணத்தைப் பிரித்துக் கொடுத்த கணக்கு இன்னொரு பெட்டியில் இருக்கிறது. சைட்ஹில் கிடங்கில், எழுதிக் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை வரும்.