72 மணி நேரமும் மூன்று மாதமும்

கல்லூரியில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் பெரும்பாலும் முதலில் வாய் திறப்பது போலீசிடமோ முதல்வரிடமோ அல்ல, அறைத்தோழியிடம். அந்தத் தோழிக்கு இரண்டு கெடுக்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது 72 மணி நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை அதற்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் நேரம் போகப் போகப் பலன் குறையும். குளிக்காமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது; குளித்துவிட்டாலும் கட்டாயம் போகலாம். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் சான்று போச்சு. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 397-ஆம் பிரிவு. "எஃப்.ஐ.ஆர். இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதுதான் குற்றம். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும். ஆனால் உடல் பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றாலும் சிகிச்சையை மறுக்கக்கூடாது. முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகளும் உண்டு. அங்கே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான போக்சோ சட்டம் வந்துவிடும், விஷயம் தெரிந்த எவரும் போலீசில் புகார் சொல்லியே ஆக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அவசரப்பட்டுச் சத்தியம் செய்துவிடாதீர்கள்.

"அந்த நேரத்துல அங்க ஏன் போன?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். அவள் சொல்வதை நாள், நேரம், இடத்தோடு அவள் வார்த்தையிலேயே ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்த கையோடு அழித்துவிட வேண்டாம். போனில் மூலச் செய்தி அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது கெடு மூன்று மாதம். நாம் இன்னும் 'விசாகா கமிட்டி' என்றுதான் சொல்கிறோம், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 விதிமுறைகள்படி அது உள்ளகப் புகார் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். தொல்லை தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. புகார் நகல் 7 நாளில் எதிராளிக்குப் போக வேண்டும், அவர் 10 நாளில் பதில் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

கோளாறு பெரும்பாலும் குழுவை அமைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் யாரும் அதில் உறுப்பினராக இருக்கக்கூடாது. மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கில் மூன்று மாணவர் உறுப்பினர்கள் வேண்டும், அதுவும் தேர்தலில் வந்தவர்கள். நடைமுறையில் துறைத்தலைவர் கைகாட்டிய பிள்ளைகள்தான் உட்கார்ந்திருக்கும். கல்லூரிக்கு வெளியிலிருந்து வர வேண்டிய உறுப்பினரைக் கூப்பிடவே மறந்துவிடுவார்கள். பிறகு மேல்முறையீட்டில் விசாரணையே அடிபட்டுப் போகலாம்.

ஆராய்ச்சி மாணவிகளின் நிலைமை இன்னும் சிக்கல். புகார் ஆய்வு வழிகாட்டியான கைடு மேலே என்றால், ஃபெல்லோஷிப் தாளிலும் ஆய்வேட்டிலும் அதே ஆளின் கையெழுத்து வேண்டும். விசாரணை முடியும்வரை அவளுடைய வேலையை அவர் மதிப்பிடக்கூடாது என்று உத்தரவிடக் குழு பரிந்துரைக்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். புகார் மனுவிலேயே இதைத் தனிப் பத்தியாகக் கேட்டு எழுதுங்கள். கேட்காவிட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. "பேசி முடிச்சுக்கலாம்மா" என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று: சமரசத்தை அவள்தான் கேட்க வேண்டும், பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக்கூடாது.

அடுத்தது ரகசியம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் மாணவியின் அடையாளத்தோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கல்லூரியிலும் அப்படித்தான், தெரிய வேண்டியவர் நாலு பேர் என்றால் ஐந்தாவது ஆளுக்கு அந்தக் கோப்பு போகக்கூடாது.

விடுதிச் சுவரில் குழுவின் பட்டியல் ஒட்டியிருக்கும். அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருக்கலாம். பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 தவிர அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ராத்திரி பத்து மணிக்கு அடித்துப் பாருங்கள், எடுக்கிறார்களா என்று.