யார் பார்க்கலாம்?

"அண்ணா, பிரிட்ஜ்டு போட்டதும் வேலை செஞ்சிடுச்சு!"

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி சந்தோஷமாகக் காட்டினான். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில், லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினியாக ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்திருக்கிறான். அதன் நெட்வொர்க் வகையாக 'பிரிட்ஜ்டு' எடுத்ததால், ஆபீஸ் ரவுட்டரே அதற்கு ஐபி கொடுத்திருக்கிறது. அதாவது பக்கத்து சீட்டு லேப்டாப் மாதிரி அதுவும் நெட்வொர்க்கில் ஒரு ஆள், உள்ளே இருக்கும் டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்டு 'அட்மின்'.

அவனுக்கு வேண்டியது அந்த மெஷினில் ஓடும் ஒரு பக்கத்தைத் தன் பிரவுசரில் திறப்பது, அவ்வளவுதான். இணையத்துக்கு நாட் (NAT, லேப்டாப் வழியாக வெளியே போவது), பார்ப்பதற்கு ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் இடையே மட்டும் இணைப்பு), இரண்டு நெட்வொர்க் அடாப்டர் போதும். ஆனால் திரை இந்தப் பெயர்களை வரிசையாக நீட்டினால், எது வேலை செய்கிறதோ அதைத்தானே யாரும் எடுப்பார்கள் (நானும் பல வருஷம் அப்படித்தான்).

விர்ச்சுவல்பாக்ஸ் முதலில் NAT-ஐ வைத்திருப்பது நல்ல முடிவு. மெஷினுக்கு 10.0.2.15 என்ற அந்தப் பழகிய ஐபி எண். வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. உள்ளே வர ஒரு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் போடும்போது மட்டும் ஹோஸ்ட் ஐபி கட்டத்தைக் காலியாக விடாமல் 127.0.0.1 (இதே லேப்டாப் என்று அர்த்தம்) என்று எழுதிவிட்டால் கதவு நமக்கு மட்டும்தான் திறக்கும்.

"இந்த மெஷினை யார் பார்க்கலாம்? நான் மட்டுமா, இந்த நெட்வொர்க்கில் எல்லோருமா?" என்று திரை கேட்டிருந்தால் அவன் சரியாகத்தான் எடுத்திருப்பான்.

சரி, மாற்றிவிட்டோம். பாஸ்வேர்டைச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாற்றுகிறானாம்.